பதினொன்றுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே

வடகிழக்கிலிருந்து புயல் என்று
ஆறு மணிக்கு வானொலி சொன்னது.
கொடிக்கம்பத்துக் கயிறு அதற்கு முன்பே சொல்லிவிட்டது,
இரவெல்லாம் இரும்பில் அடித்து அடித்து.

ஐஸ்லாந்தின் மேற்கு மூலையில்,
கடல் விரல் நீட்டி மலையைத் தொடும் இந்த ஊரில்
தபால் கொடுப்பது என் வேலை.
மிச்ச நேரத்தில் பனியை அளக்கிறேன்.
சம்பளம் இரண்டுக்கும் தனித்தனி,
கால்கள்தான் ஒரே ஜோடி.

நேற்று, இருந்த நான்கு மணி நேர வெளிச்சத்தில்
மேலே போய்க் குழி தோண்டினேன், இடுப்பளவு.
மேலே இறுகிய புதுப்பனி.
அடியில் டிசம்பர் மழை உறைந்த ஓடு.
இரண்டுக்கும் இடையில் ஒரு விரற்கடை
ரவை.
அள்ளினால் ஒட்டவில்லை,
விரலிடுக்கில் உதிர்ந்து போயிற்று.
இன்றிரவு வருகிற பனி அத்தனையும்
இதன் மேல்தான் உட்காரப்போகிறது.

தலைநகருக்குப் போன் போட்டு எண்களைச் சொன்னேன்.
ஆர்ன்க்ரீமுர், சின்னப் பையன்,
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் விட்டான்.
பிறகு வரைபடம் வந்தது, அதில் ஒரு சிவப்புக் கோடு.
மேட்டுத் தெரு, ஒற்றைப்படை வரிசை:
ஒன்று முதல் பதினொன்று வரை காலி செய்யவும்.

பதினொன்று ஹல்பேராவின் வீடு.
பதின்மூன்று என்னுடையது.

கதவு கதவாகத் தட்டினேன்.
மூன்றாம் எண் பிள்ளைகளுக்குத் திருவிழா,
பள்ளிக்கூடத்து விளையாட்டு அறையில் தூக்கம் என்று.
ஏழாம் எண்காரர் சிகரெட் முடியும்வரை
நாற்காலியை விட்டு எழவில்லை.
ஹல்பேரா மாவு பிசைந்துகொண்டிருந்தாள்,
முழங்கை வரை வெள்ளை.

"கோடு யார் போட்டது?"
"என் எண்களை வைத்து, அவர்கள்."
"அப்படியென்றால் நீ."
பிறகு, கோபமே இல்லாமல்,
பதிவுத் தபாலுக்கு ரசீது கேட்கிற குரலில்:
"பனிக்குக் கதவு எண் படிக்க வருமா?"

என்னிடம் இருந்த படிவத்தில்
அதற்குக் கட்டம் இல்லை.

பாத்திரத்தைத் துணியால் மூடி என் கையில் வைத்தாள்.
"உன் பக்கம் பத்திரமாமே. அடுப்போரம் வை, எழும்பட்டும்.
தூங்கிப்போகாதே, வழிந்துவிடும்."
அவள் காரின் பின்விளக்குகள்
இறக்கத்தில் இரண்டு புள்ளியாகி, ஒன்றாகி,
அதுவும் போயிற்று.

எட்டு மணிக்குப் புயல் வந்தது.
வந்தது என்றா சொல்வது?
மலை இருந்த இடத்தை எடுத்துக்கொண்டது.
ஜன்னல் வழியாகப் பார்த்தால்
தெரிந்தது ஜன்னல்தான்.
சரிவில் நான் நட்ட பத்துக் கம்பங்களும்
இப்போது யாருக்கும் எதுவும் சொல்லாது.

பதினொன்று. ஒன்று. இரண்டரை.
ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்தேன்:
கூரைத் தகரம்.
குழாய்.
என் வயிறு.

மேசையில் வரைபடத்தை விரித்து
அடிக்கோல் வைத்துப் பார்த்தேன், ஏன் என்று தெரியாமல்.
இந்த அளவில்
கோட்டின் தடிமன் மட்டுமே முப்பது மீட்டர்.
ஹல்பேராவின் சுவரிலிருந்து என் சுவருக்குப் பதினெட்டு.
கோட்டுக்கு இந்தப் பக்கம் என்று
நான் நினைத்திருந்த என் கட்டில்
மைக்குள்ளேயே கிடந்தது.

பூட்ஸ். கம்பளிக் கோட்டு.
கோட்டுக்குள் பாத்திரம்.
துணியை முட்டிக்கொண்டு மாவு எழுந்திருந்தது,
நெஞ்சில் ஒரு பூனை படுத்த மாதிரி கதகதப்பு.
வேலிக் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன்.
மேலே திரும்பிப் பார்க்கவில்லை;
பார்த்தாலும் அங்கே மேல் என்று எதுவும் இல்லை.

விளையாட்டு அறையில் கூடைப்பந்து வளையத்தடியில்
ஊரில் பாதி குறட்டை விட்டது.
ஹல்பேரா விழித்திருந்தாள்.
ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை,
மெத்தையில் நகர்ந்து இடம் விட்டாள்.
துணியை விலக்கி
மாவில் ஒரு விரலை அழுத்தி எடுத்தாள்.
இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
குழி மெல்ல,
மிக மெல்ல நிரம்பியது.

"இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்" என்றாள்.